காசிமாயன் கொண்டுவந்த கை

டாக்டர்: இருங்க்கா, இருங்க. நான் அண்ணனைத்தான் கேட்டேனுங்க. அவரே சொல்லட்டும்.

முத்துப்பேச்சி: அவுக சொல்ல மாட்டாகம்மா. கூச்ச சுபாவம்.

டாக்டர்: கை வலி சொல்றதுக்கு என்னங்க கூச்சம்? சொல்லுங்கண்ணா. எந்தக் கை?

காசிமாயன்: வலது... வலதுதானத்தா?

முத்துப்பேச்சி: வலது.

காசிமாயன்: வலதுதேன்.

டாக்டர்: என்ன பண்ணுதுங்க?

காசிமாயன்: மரத்துப்போகுதும்மா. பெருவெரலு, ஆட்காட்டி வெரலு, நடுவெரலு. அப்புறம் மோதிர வெரலுல பாதி.

டாக்டர்: பாதிங்களா?

காசிமாயன்: பாதிதேன். பெருவெரலுப் பக்கத்துப் பாதி. அந்தப் பக்கம் நல்லாருக்கு. சுண்டுவெரலுக்கு ஒரு கொறையும் இல்ல.

டாக்டர்: இவ்வளவு தெளிவா யாருமே சொன்னதில்லீங்க.

காசிமாயன்: நல்லா மனப்பாடம்... நல்லா கவனிச்சுப் பாத்தேம்மா.

டாக்டர்: எப்பங்க ஜாஸ்தியா இருக்குது?

காசிமாயன்: தூங்கையில. பாதித் தூக்கத்துல முழிப்பு வந்துரும். கையே என்னுது இல்லாத மாதிரி கெடக்கும். உதறி உதறி விட்டாத்தேன் உசுரு வரும்.

டாக்டர்: கை உங்களுது இல்லாத மாதிரி. சரிங்க. பகல்ல?

காசிமாயன்: பகல்ல டம்ளரு கைய விட்டு நழுவும். ஊசியில நூலு கோக்க முடியல. பூக்கட்ட முடியல. ஜாக்கெட்டுக் கொக்கி மாட்ட முடியல.

டாக்டர்: ஜாக்கெட்டுக் கொக்கிங்களா?

முத்துப்பேச்சி: மழைக்குப் போடுறதும்மா. இவுக வண்டி ஓட்டுறவுக. மழைக்கு ஜாக்கெட்டுப் போடுவாக.

டாக்டர்: கொக்கி வெச்ச மழை ஜாக்கெட்டுங்களா?

முத்துப்பேச்சி: பழைய மாடலு.

டாக்டர்: பூ?

முத்துப்பேச்சி: வண்டிக்கு. வெள்ளிக்கெழமையானா ஒரு மொழம் கட்டிப் போட்டுருவாக.

டாக்டர்: ஊசி நூலு?

காசிமாயன்: அது... சீட்டு கிழிஞ்சா.

டாக்டர்: சரிங்க. என்ன வண்டிங்கண்ணா?

காசிமாயன்: குட்டி யானைம்மா. துணி ரோலு ஏத்துறது. பல்லடம் ரோட்டுல இருந்து சாயப்பட்டறைக்கு, சாயப்பட்டறையில இருந்து பனியன் கம்பெனிக்கு.

டாக்டர்: அக்கா எந்தக் கம்பெனிக்குப் போறீங்க?

முத்துப்பேச்சி: நானா? நான் சும்மா வீட்லதேன்.

டாக்டர்: தலையில பஞ்சு ஒட்டியிருக்குதுங்களே.

முத்துப்பேச்சி: தலகாணி பிஞ்சு போச்சும்மா.

டாக்டர்: பச்சைப் பஞ்சுங்க்கா.

முத்துப்பேச்சி: பச்சைத் தலகாணி.

காசிமாயன்: நல்ல பச்சைம்மா.

டாக்டர்: சரிங்க. அண்ணா, ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா கொண்டு வாங்க. புறங்கையும் புறங்கையும் ஒட்டற மாதிரி மணிக்கட்டை மடக்குங்க. விரல் எல்லாம் கீழ பார்க்கட்டும். அப்படியே வெச்சிருங்க. மரத்துப்போனா சொல்லணும்.

காசிமாயன்: சரிம்மா.

டாக்டர்: ஏதாச்சும் தெரியுதுங்களா?

காசிமாயன்: இருங்க... இன்னும்... ஏத்தா, மரத்துப்போகுதா?

முத்துப்பேச்சி: போகுது போகுது. பெருவெரலுக்கு வந்துருச்சு. நடுவெரலுக்கும் ஏறுது.

டாக்டர்: யாருக்குங்க்கா?

முத்துப்பேச்சி: இவுகளுக்கு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே.

டாக்டர்: நீங்க எதுக்கு முந்தானைக்குள்ள கையை மடக்கி வெச்சிருக்கீங்க?

முத்துப்பேச்சி: குளுருதும்மா. ஏசி.

டாக்டர்: ஏசி ரிப்பேருங்க்கா. நேத்துல இருந்து ஓடலை.

காசிமாயன்: அவ குளுந்த ஒடம்புக்காரிம்மா.

டாக்டர்: சரிங்க. கையை விடுங்க. இப்ப மணிக்கட்டுல லேசா தட்டுவேன். கரண்ட் அடிச்ச மாதிரி இருந்தாச் சொல்லுங்க.

காசிமாயன்: அடிக்குதும்மா.

டாக்டர்: இன்னும் தட்டவே இல்லீங்க.

காசிமாயன்: ...நீங்க கேப்பீகன்னு சொன்னேன்.

டாக்டர்: அக்கா, அண்ணனுக்கு என்னன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. பேண்ட் இடுப்புல எலாஸ்டிக் ஓடறதுக்கு ஒரு மடிப்புத் தைப்பாங்க இல்லீங்களா?

முத்துப்பேச்சி: ஆமா, பெல்ட்டு மடிப்பு.

டாக்டர்: அந்த மடிப்பு இறுகிப் போச்சுன்னா?

முத்துப்பேச்சி: எலாஸ்டிக் சுருண்டு மாட்டிக்கிரும். பீஸு டேமேஜு.

டாக்டர்: அதேதானுங்க. மணிக்கட்டுலயும் அந்த மாதிரி ஒரு சந்து. அதுக்குள்ள நரம்பு போகுது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செஞ்சு, சுத்தியிருக்கறது வீங்கிப்போச்சுன்னா நரம்பு நசுங்கும். அதனாலதான் மரப்பு.

முத்துப்பேச்சி: அப்ப மடிப்பப் பிரிச்சு லூசா விட்டுட்டா...

டாக்டர்: அதுதாங்க ஆபரேஷன். முத்திப்போனவங்களுக்கு மட்டும். எடுத்ததுமே பண்ண மாட்டோம். 

முத்துப்பேச்சி: பண்ணாம விட்டா என்னாகும்?

டாக்டர்: பெருவிரல் அடியில இந்தச் சதை இருக்குதில்லீங்க, இது வத்திரும். அப்புறம் ஆபரேஷன் பண்ணுனாலும் பழையபடி பலம் வராது.

முத்துப்பேச்சி: வத்திரும்னா... எப்படித் தெரியும் வத்திருச்சுன்னு?

டாக்டர்: அண்ணன் கையைப் பாருங்க. கல்லு மாதிரி இருக்குது. ஏனுங்க்கா, உங்க கையை எதுக்குப் பார்க்கறீங்க?

முத்துப்பேச்சி: மோதிரத்தத் தேடுனேன்.

டாக்டர்: ம்ம். ராத்திரி மணிக்கட்டு மடங்காம இருக்க ஒரு பட்டை இருக்குதுங்க. அடுத்த ரூம்ல. எடுத்துட்டு வர்றேன். உட்காருங்க.

முத்துப்பேச்சி: அந்தம்மா போயிருச்சா?

காசிமாயன்: போயிருச்சு.

முத்துப்பேச்சி: யோவ். கொக்கிய யாருய்யா சொல்லச் சொன்னது?

காசிமாயன்: நீதானத்தா காலையில சொன்ன. கொக்கி மாட்ட முடியலன்னு.

முத்துப்பேச்சி: உன்கிட்டச் சொன்னேன். டாக்டருகிட்டச் சொல்லச் சொன்னேனா?

காசிமாயன்: வரிசையா வருதுல்ல. நடுவுல நிப்பாட்டுனா மிச்சமெல்லாம் மறந்துரும்.

முத்துப்பேச்சி: பூக்கட்ட முடியலையாம். மீசைய வச்சுக்கிட்டு.

காசிமாயன்: சும்மா இருத்தா. எனக்கே வேர்க்குது. வேற டாக்டருகிட்டப் போயிருக்கலாம்ல? புதன்கெழம உங்க கம்பெனிக்குச் செக்கப்புக்கு வாரது இந்தம்மாதானே?

முத்துப்பேச்சி: இந்தம்மாதேன். சாம்பிள் ரூமுக்கு ஆளு சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடுறதும் இந்தம்மாதேன்.

காசிமாயன்: அப்புறம் எதுக்கு இங்கன வந்து நிக்கிறோம்?

முத்துப்பேச்சி: வேற டாக்டருகிட்டத்தேன் போனோமே. தைலம் எழுதிக் குடுத்தாரு. தேச்சுத் தேச்சு மணக்குதே தவிர, மரப்பு போச்சா? கைக்குன்னே படிச்சது இந்த ஒரு அம்மாதேன்னு லைன்ல அத்தன பேரும் சொல்லுதுக. 

காசிமாயன்: மாட்டுனா?

முத்துப்பேச்சி: மாட்டுனா சாம்பிள் ரூமு எங்க லைன்ல இருக்க சித்ராதேவிக்கு. எனக்குப் பிசிறு வெட்டுற வேலை. இத்தன வருசமா லைன்ல உக்காந்து தோள்பட்டைய மட்டும் தச்சுக்கிட்டுக் கெடக்கேன்யா. காலையில தோளு, சாயங்காலம் தோளு. ஒரு முழுச் சட்டை என் கையால தச்சதில்ல. சாம்பிள் ரூமுன்னா முழுச் சட்டையும் நாந்தேன். மாசச் சம்பளம். ஞாயித்துக்கெழம லீவு.

காசிமாயன்: தெரியும்த்தா. அதுக்குத்தானே வந்து உக்காந்திருக்கேன். ஆனா என் கையப் பாத்து உனக்கு எப்படி மருந்து சொல்லும்?

முத்துப்பேச்சி: வெளிநாட்டுக்காரனுக்குச் சட்டை தைக்கிறோம். அவனா வந்து போட்டுப் பாக்குறான்? அந்த அளவுக்கு ஒரு ஆள நிப்பாட்டி, அவன் மேல மாட்டிப் பாத்து ஓகே பண்ணிர்றாக. அந்த மாதிரிதேன் நீ. அளவுக்கு ஆளு.

காசிமாயன்: அளவு சேரணும்ல?

முத்துப்பேச்சி: மரப்புக்கெல்லாம் ஏது அளவு? எல்லாருக்கும் ஒரே சைஸுதேன். வருது, வருது. கைய மரத்த மாதிரி வையி.

டாக்டர்: இந்தாங்கண்ணா. பெரிய சைஸ் எடுத்துட்டு வந்தேன்.

முத்துப்பேச்சி: மீடியம் இல்லீங்களாம்மா?

டாக்டர்: அண்ணன் மணிக்கட்டு பெருசுங்களே.

முத்துப்பேச்சி: இவுகளுக்கு எதுவும் இறுக்கமா இருந்தாத்தேன் புடிக்கும்.

டாக்டர்: இறுக்கம் கூடாதுங்க. உள்ள ஒரு தகடு இருக்குது, அதை உருவிடக் கூடாது. சில பேரு குத்துதுன்னு உருவிப் போட்டுட்டு, வெறும் துணியைக் கட்டிட்டுத் தூங்கறாங்க.

முத்துப்பேச்சி: இத வேலை செய்யயில போட்டுக்கிறலாமா? இந்த ஒட்டுற பட்டி பனியன் துணியில பட்டா இழுத்து நூலக் கெளப்பி விட்ருமே.

டாக்டர்: குட்டி யானை ஓட்டறப்ப பனியன் துணி எங்கிருந்துங்க வருது?

முத்துப்பேச்சி: ...ரோலு ஏத்துவாகல்ல.

டாக்டர்: ஓ. சரிங்க. ஆனா பட்டை மட்டும் பத்தாதுங்க. அண்ணன் சொல்றதைப் பார்த்தா, மணிக்கட்டுல ஒரு ஊசி போட்டுடறது நல்லது. இப்பவே போட்டுடலாம்.

காசிமாயன்: யாருக்கு?

டாக்டர்: யாருக்கு மரத்துப்போகுதுங்க?

காசிமாயன்: எனக்குத்தேன்.

டாக்டர்: அப்ப உங்களுக்குத்தானுங்க.

முத்துப்பேச்சி: அம்மா, அந்த மருந்த மட்டும் கட்டிக் குடுத்துருவீங்களா?

டாக்டர்: பார்சலுங்களா?

முத்துப்பேச்சி: வீட்ல போயி நல்ல நேரம் பாத்துப் போட்டுக்கிடுவோம்.

டாக்டர்: நரம்புக்குப் பக்கத்துல போடற ஊசிங்க்கா. கொஞ்சம் தள்ளிப்போனாலும் வம்பு. நான்தான் போடணும்.

முத்துப்பேச்சி: வலிக்குமா?

டாக்டர்: சுருக்குனு இருக்கும்.

காசிமாயன்: போடுங்கம்மா.

முத்துப்பேச்சி: ஏய்யா...

காசிமாயன்: போடட்டும்த்தா. புதன்கெழம வருதுல்ல.

டாக்டர்: புதன்கிழமை என்னங்கண்ணா?

காசிமாயன்: வண்டிக்கு எஃப்சி.

முத்துப்பேச்சி: யோவ், வேணாம்யா. நல்ல கையில எதுக்கு...

டாக்டர்: நல்ல கையிங்களா?

முத்துப்பேச்சி: நல்ல... நல்ல நாளு இல்லன்னு சொல்ல வந்தேன்.

டாக்டர்: சட்டையை முழங்கைக்கு மேல மடிச்சு விடுங்கண்ணா. ஊசிக்கு முன்னாடி கையை முழுசா ஒருதரம் பார்த்துக்கறேன். இங்க அமுக்கினா வலிக்குதுங்களா?

காசிமாயன்: இல்ல.

டாக்டர்: இங்க?

காசிமாயன்: ம்ஹூம்.

டாக்டர்: முழங்கைக்கு வெளிப்பக்கம், இந்த எலும்புல?

காசிமாயன்: ஆத்தாடி!

முத்துப்பேச்சி: அங்க இல்லய்யா! முழங்கைய நாம சொல்லவே இல்ல.

டாக்டர்: உள்ளங்கை கீழ பார்க்கற மாதிரி வெச்சு, அந்த நாற்காலியை ஒரு கையில தூக்குங்க.

காசிமாயன்: இதுல என்ன இருக்கு... அம்மா... அம்மாடி! வேணாம்மா. முடியல.

முத்துப்பேச்சி: இப்பத்தேன் நல்லா நடிக்கிற.

காசிமாயன்: நடிக்கலத்தா.

முத்துப்பேச்சி: என்னது?

காசிமாயன்: நெசமாவே வலிக்குது. டம்ளரத் தூக்குனாக்கூட வலிக்குது. உன்கிட்டச் சொல்லல.

முத்துப்பேச்சி: ...எம்புட்டு நாளா?

டாக்டர்: இப்பத்தாங்கண்ணா உங்க கையைப் பார்க்கறேன். இவ்வளவு நேரம் வேற யாரு கையையோ பார்த்துட்டு இருந்தேன்.

முத்துப்பேச்சி: என்னம்மா சொல்லுறீங்க?

டாக்டர்: அக்கா, நான் இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவ. கையைப் பார்த்தே வேலை சொல்லிடுவேனுங்க. விரல் மடங்கிட்டு நிமிர மாட்டேங்குது, நிமிர்த்துனா டக்குனு தெறிக்குதுன்னு வந்தா கட்டிங் மாஸ்டரு. பெருவிரலுக்குக் கீழ மணிக்கட்டோரம் வலின்னா பிசிறு வெட்டறவங்க. மூணரை விரல் மரத்துப்போச்சுன்னா பெரும்பாலும் லைன்ல ஓவர்லாக் மெஷின்ல தைக்கற டெய்லரு. குட்டி யானை ஓட்டறவரு மூணரை விரலோட வந்தா, பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்களைப் பார்ப்பேன்.

காசிமாயன்: மொதல்லயே தெரியுமா?

டாக்டர்: இந்த வாரத்துல நீங்க நாலாவது ஊட்டுக்காரருங்க.

காசிமாயன்: நாலாவதா?

டாக்டர்: எல்லாருக்கும் மோதிர விரல்ல பாதி. எல்லாருக்கும் கூட ஒரு சம்சாரம். ஒருத்தரு வளையல் இறுக்குதுன்னாரு.

முத்துப்பேச்சி: சித்ராதேவி வீட்டுக்காரரா?

டாக்டர்: யாரு வந்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேனுங்க.

முத்துப்பேச்சி: ஒல்லியா, காதுல கடுக்கன் போட்டுக்கிட்டு...

டாக்டர்: சொல்ல மாட்டேனுங்க.

முத்துப்பேச்சி: பேரு கிட்டுசாமி.

டாக்டர்: அக்கா.

முத்துப்பேச்சி: வந்திருக்காரு. நீங்க கண்ணக் கீழ போட்டுட்டீகளே.

காசிமாயன்: கிட்டுசாமி நேத்து மடத்துக்குளத்துக்கு எழவுக்குப் போறதாத்தானே என்கிட்டச் சொன்னாரு?

முத்துப்பேச்சி: அவ கையும் போச்சா... அப்படி ஒய்யாரமா தைப்பா. பாவம்.

காசிமாயன்: இப்பப் பாவங்கிற?

முத்துப்பேச்சி: பாவந்தேன். ஆனா அவ சாம்பிள் ரூமுக்குப் போனா எனக்கும் பாவந்தானே.

டாக்டர்: கையைக் கொடுங்க்கா. உங்க கையை.

முத்துப்பேச்சி: குடுத்தா கையெழுத்துப் போயிரும்மா.

டாக்டர்: கொடுக்காட்டி கையே போயிடுமுங்க.

காசிமாயன்: குடு, ஆத்தா.

முத்துப்பேச்சி: இந்தாங்கம்மா.

டாக்டர்: இப்படித் தட்டுனா?

முத்துப்பேச்சி: நடுவெரலு நுனி வரைக்கும் சுர்ருங்குது.

டாக்டர்: பெருவிரலை மேல தூக்குங்க. நான் அமுக்கறேன், நீங்க விடக் கூடாது. ம்ம்... பலம் இருக்குதுங்க. சதை வத்தலை. சுகர் இருக்குதுங்களா? தைராய்டு?

முத்துப்பேச்சி: இல்ல. ரெண்டும் பாத்தாச்சு.

டாக்டர்: நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. நரம்பு டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பார்த்துட்டு ஊசி. ராத்திரி பட்டை. நிறையப் பேருக்கு இதுலயே அடங்கும். அடங்கலைன்னா அப்புறம் ஆபரேஷன் யோசிக்கலாம்.

முத்துப்பேச்சி: அது கெடக்கட்டும்மா. புதன்கெழம?

டாக்டர்: புதன்கிழமை உங்க கம்பெனி ஹால்ல உங்க லைன் மொத்தமும் வந்து நிக்கும். கையை மட்டும் பார்த்தா நான் யாருக்குமே கையெழுத்துப் போட முடியாதுங்க.

முத்துப்பேச்சி: அப்ப சாம்பிள் ரூமுக்கு வெளியில இருந்து ஆளெடுப்பாகளா?

டாக்டர்: நான் அப்படிச் சொல்லலீங்க. உங்க கையைக் கெடுத்தது எது? ஒரே தோள்பட்டையைக் காலையில இருந்து தைக்கறது. சாம்பிள் ரூம்ல என்ன பண்ணுவீங்க?

முத்துப்பேச்சி: கழுத்துத் தைப்பேன். சட்டைக்குக் கையி ஏத்துவேன். அளவெடுப்பேன். மாஸ்டருகிட்டக் கொண்டுபோயிக் காட்டுவேன். பிரிப்பேன். திரும்பத் தைப்பேன்.

டாக்டர்: நடுவுல எந்திரிச்சு நடப்பீங்க. டார்கெட் கெடையாது. ஒரே அசைவு கெடையாது. இந்தக் கைக்கு அதுதாங்க நல்ல இடம். நீங்க லைனுக்குத்தான் ஃபிட் இல்ல. சாம்பிள் ரூமுக்கு ஃபிட்டுன்னே எழுதலாம்.

முத்துப்பேச்சி: அம்மா! நெசமாவா?

காசிமாயன்: பாத்தியாத்தா. கொக்கியச் சொன்னது நல்லதாப் போச்சு.

டாக்டர்: ஆனா ஒண்ணுங்க.

முத்துப்பேச்சி: சொல்லுங்கம்மா. என்ன வேணாலும்.

டாக்டர்: கம்பெனியில கைக்கு ஓய்வு குடுத்துட்டு, ஊட்டுல வந்து துணியை முறுக்கிப் பிழிஞ்சீங்கன்னா ஊசி போட்டதே வீணு. நான் சரியாயிடும்னு எழுதி, கை தேறாமப் போச்சுன்னா, சாம்பிள் ரூம்ல ஒரு மாசம்கூட நிக்க மாட்டீங்க. அதனால கேட்கறேன். ஊட்டுல துணி பிழியறது யாருங்க?

முத்துப்பேச்சி: ...நாந்தேன். வேற யாரு?

டாக்டர்: வேற யாருமே இல்லீங்களா?

முத்துப்பேச்சி: இவுக கைய நனைக்க மாட்டாகம்மா. குடிச்ச டம்ளர அங்கனயே வச்சிட்டுப் போறவுக. குட்டி யானை ஸ்டாண்டுல இவுகதேன் தலைவரு.

டாக்டர்: தலைவர்னா துணி பிழியக் கூடாதுங்களா?

முத்துப்பேச்சி: எங்க காம்பவுண்டு லைன் வீடெல்லாம் எங்க ஊரு ஆளுகம்மா. இங்கன தும்முனா, காய்ச்சலான்னு கேட்டு ஊருல இருந்து போன் வரும். அங்கன போயி ஆம்பள துணி தொவைக்கிறதாவது...

காசிமாயன்: ஏத்தா...

முத்துப்பேச்சி: நீ சும்மா இரு. நாந்தேன் தொவைக்கிறேன், நாந்தேன் பிழியுறேன். தாங்கிக்கிடுவேன்.

டாக்டர்: அப்ப என்னால கையெழுத்துப் போட முடியாதுங்களே. சரி, அண்ணன் முழங்கை எப்படிங்க இப்படி ஆச்சு?

காசிமாயன்: ரோலு தூக்கித்தேன்.

டாக்டர்: ரோலைத் தோள்ல தூக்குவீங்க. இது கெட்டியாப் புடிச்சு முறுக்கறதுல வர்ற வலிங்க. ஸ்க்ரூ முறுக்கறவங்களுக்கு வரும். துணி பிழியறவங்களுக்கு வரும்.

முத்துப்பேச்சி: ஸ்டியரிங்கும்மா. ஸ்டியரிங்கப் புடிச்சு முறுக்குவாக.

டாக்டர்: சரிங்க. அக்கா, அந்த வாஷ்பேசின்ல ஒரு துண்டை நனைச்சு வெச்சிருக்கேன். எடுத்துப் பிழிங்க, பார்க்கலாம்.

முத்துப்பேச்சி: இதென்ன பெரிய காரியம். இந்தா... இந்தா...

டாக்டர்: தண்ணி வரலீங்களே.

முத்துப்பேச்சி: தடிச்ச துண்டும்மா. செத்த நேரம்... ஸ்ஸ்...

காசிமாயன்: விடுத்தா, வலிக்கும். இங்கன கொண்டா. இப்படி ரெண்டா மடிச்சுக் குழாயில மாட்டிக்கிட்டு ஒரு முறுக்கு... ஸ்ஸ்... இன்னொரு முறுக்கு... அம்புட்டுதேன். இப்ப ஒரு ஒதறு. எங்கம்மா காயப்போட?

டாக்டர்: கதவு மேல போடுங்கண்ணா.

காசிமாயன்: கரைய நீவி விட்டுப் போட்டாத்தேன் சுருக்கம் விழுகாது.

டாக்டர்: கைய நனைக்க மாட்டாருங்களா அக்கா?

முத்துப்பேச்சி: வண்டி தொடைக்கிற துணியத்தேன் பிழிவாகம்மா. அதுல பழக்கம்.

டாக்டர்: வண்டி தொடைக்கிற துணிக்கு யாருங்க கரையை நீவி விடறது?

முத்துப்பேச்சி: ...சுத்தக்காரவுக.

டாக்டர்: அக்கா, நீங்க சாமர்த்தியசாலி. இந்த ரூமுக்குள்ள நீங்க சொன்னதுல தலகாணிதான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. ஆனா புதன்கிழமைக்கு ஒரே ஒரு பதில்தான் வேணும். ஊட்டுல இந்தக் கைக்கு ஓய்வு இருக்குதா, இல்லையா?

முத்துப்பேச்சி: நாந்தேன் பிழியுறேன்னு எழுதிக்கங்க. சாம்பிள் ரூமு போனாப் போகுது. இவுக பேரு கெடக் கூடாது.

டாக்டர்: யோசிச்சுச் சொல்லுங்க்கா. முழுச் சட்டை தைக்கற இடமுங்க.

முத்துப்பேச்சி: யோசிச்சாச்சு. தோள்பட்டையவே தச்சுக்கிட்டு இருந்துட்டுப் போறேன்.

காசிமாயன்: நீ செத்த வாய மூடுத்தா. அம்மா, எழுதிக்கங்க. எங்க வீட்ல துணி பிழியறது நாந்தேன். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்ததுல இருந்து. விடியுமுன்ன மொட்டைமாடில நான் தொவைப்பேன், இவ படிக்கட்டுல காவல் நிப்பா. முடிஞ்சதும் முந்தானையத் தண்ணியில நனைச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, தான் தொவைச்ச மாதிரி இவ முன்னால எறங்கி வருவா. நான் பல்லு வெளக்கிக்கிட்டே பின்னால வருவேன். இவ சேலையெல்லாம் முறுக்கி முறுக்கித்தேன் இந்த முழங்கை போச்சு. ஸ்டாண்டுல தெரிஞ்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது, நீங்க கையெழுத்தப் போட்டு விடுங்க.